பழங்காசு கெடுவது எப்படி?

பேராக் மாநிலத்தின் தெற்கே, பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையில் அமைந்துள்ள சிற்றூர் சுங்காய். பத்தாங் பாடாங் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் வழியாக இரயில் பாதையும் பழைய நெடுஞ்சாலையும் செல்கின்றன. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. இன்று பல இடங்களில் கித்தா மரங்கள் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் தாமான்களுக்கும் ஈப்போ, கோலாலம்பூர் போன்ற நகரங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. அவை தோட்டத்தை விட்டு வரும்போது மூட்டை கட்டி எடுத்து வந்த பொருள்களில் பழைய காசு டப்பாவும் ஒன்று.

அது பெரும்பாலும் ஒரு பிஸ்கட் டின்னாகவோ மாவுப்பால் டின்னாகவோ இருக்கும். மூடியைத் திறந்தால் நாற்கோணமாக ஒரு செப்புக் காசு கிடைக்கும். ஓரங்கள் மழுங்கிய அந்தக் காசில் ஆங்கிலேய மன்னரின் தலை இருக்கும். நீரிணைக் குடியேற்ற அரசு 1919-ஆம் ஆண்டு முதல் ஒரு காசு நாணயத்தை நாற்கோண வடிவில் அச்சிட்டது. 1939-க்குப் பிறகு வந்த மலாயா ஒரு காசும் அதே வடிவில்தான் இருந்தது. அதனுடன் கறுத்துப்போன சிறிய வெள்ளி நாணயங்கள் இருக்கலாம். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த ஓர் ஓட்டைக் காலணா இருக்கலாம். 1967-ஆம் ஆண்டில் நம் நாடு வெளியிட்ட, நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த நாணயங்கள் இருக்கலாம். 1989 முதல் வந்த பம்பரம், சோங்காக், வாவ் பட்டம் ஆகியவை பொறித்த காசுகளும் அடியில் கிடக்கலாம்.

இந்த நாட்டுத் தமிழர்கள் இன்றும் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றே சொல்கிறார்கள். 'பத்து வெள்ளி கொடு' என்று கேட்கும்போது யாரும் உலோகத்தை நினைப்பதில்லை. ஆனால், அச்சொல் வெள்ளியால் ஆன டாலர் நாணயங்கள் கைமாறிய காலத்தை நினைவூட்டுகிறது. 'ரிங்கிட்' என்னும் மலாய்ச் சொல்லும் நாணயத்தோடு தொடர்புடையதே. வெள்ளி டாலரின் விளிம்பில் இருந்த பற்களைக் குறித்த சொல் அது. ஆகவே, அந்த டின்னில் கிடப்பது வெறும் செல்லாக்காசு அன்று.

தீபாவளி நெருங்கும்போது வீட்டைச் சுத்தம் செய்கிறோம். அப்போதுதான் இந்த டப்பா வெளியே வருகிறது. குத்துவிளக்கை விளக்குவதற்குக் கரைத்து வைத்த புளி பக்கத்தில் இருக்கிறது. 'இதையும் கொஞ்சம் தேய்த்து வைத்தால் பளபளவென்று இருக்குமே' என்று யாருக்காவது தோன்றிவிடும். எண்பது ஆண்டுகளாகப் பெரிய சேதமின்றி இருந்த காசு கெடுவதற்குப் பத்து நிமிடம் போதும்.

தேய்மானம் வேறு, சேதம் வேறு. கைமாறிக் கைமாறி ஒரு காசின் மேடான பகுதிகள் மெல்ல மழுங்குவது தேய்மானம். மன்னரின் காது மறையும், முடியிழைகள் ஒன்றாகிவிடும். அது காசு தன் வேலையைச் செய்ததன் அடையாளம். சேகரிப்பாளர்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949-இல் முன்வைத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலின் அடிப்படையில்தான் இன்றும் உலகெங்கும் நாணயங்களின் தரம் மதிப்பிடப்படுகிறது. தேய்ந்த காசுக்கும் அந்த அளவுகோலில் ஓர் எண் உண்டு. ஆனால், தேய்த்துக் கழுவிய காசுக்கும், துளையிட்ட காசுக்கும், அமிலம் தின்ற காசுக்கும் அந்த எண்ணைக் கொடுக்கத் தரமதிப்பீட்டாளர்கள் பொதுவாக மறுத்துவிடுவார்கள். 'சேதமடைந்தது' என்ற குறிப்புதான் அதற்குக் கிடைக்கும். விலையும் பெரிதும் இறங்கிவிடும்.

தேய்த்துக் கழுவுவது ஏன் அவ்வளவு பெரிய கேடு? நாணயம் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தால் இது விளங்கும். இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வட்டமான உலோகத் தகடு ஒன்றை வைத்துப் பல டன் அழுத்தத்தில் அழுத்துகிறார்கள். அந்த நொடியில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிதுங்கி நகர்கிறது. அப்படி நகர்ந்த தடம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாக மேற்பரப்பில் நின்றுவிடுகிறது. புதுக் காசை விளக்கொளியில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒளிப்பட்டை ஒன்று சக்கரத்தின் ஆரத்தைப் போலச் சுழலும். அந்தக் கோடுகள்தாம் அதற்குக் காரணம். அவற்றைத் தேய்த்து அழித்துவிட்டால் காசு பளபளக்கும். ஆனால், ஒளி சுழலாது. அச்சகத்தில் பெற்ற மெருகை வீட்டில் திரும்ப உண்டாக்க எந்த வழியும் இல்லை.

புளியைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஏனெனில், நம் வீடுகளில் அதிகமான காசுகளைக் கெடுத்தது அதுதான். செப்புக் காசின் மேல் காலப்போக்கில் பழுப்பு நிறப் படலம் ஒன்று படிகிறது. அது அழுக்கு அன்று. செம்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து உருவான செப்பு ஆக்சைடு. இறுக்கமாகவும் சீராகவும் படிந்துவிட்டால் அடியிலுள்ள செம்பை மேலும் அரிக்க விடாமல் அது காக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இந்தப் படலத்தைக் கரைத்துவிடுகிறது. எலுமிச்சையும் காடியும் செய்வது இதையே. சிலர் கோலா பானத்தில் ஊறவைக்கிறார்கள். அதிலுள்ள பாஸ்பரிக் அமிலமும் அப்படித்தான். படலம் போனதும் காசு இளஞ்சிவப்பாக, பச்சைப் புண்ணைப் போல இருக்கும். பித்தளைக் குத்துவிளக்கு அப்படி மின்னுவது அழகு. விளக்கை அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் விளக்கிக்கொள்ளலாம். காசை அப்படி விளக்க முடியாது. ஒவ்வொரு முறையும் எழுத்திலும் உருவத்திலும் கொஞ்சம் கரைந்து போகிறது. சில வாரங்களில் புதிய படலம் படியும். ஆனால், அது திட்டுத்திட்டாகவும் பொருந்தாத நிறத்திலும் படியும். பழகிய கண் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்.

வெள்ளி நாணயத்துக்குத் திருநீறு. வெள்ளி விளக்கையும் சந்தனக் கிண்ணத்தையும் திருநீற்றால் துடைப்பது நம் வழக்கம். சாம்பல் கைக்கு மாவு போல மென்மையாகத் தெரியும். ஆனால், உருப்பெருக்கியில் பார்த்தால் அதில் கடினமான நுண்துகள்கள் இருக்கின்றன. அவை வெள்ளியின் மேல் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்களை உண்டாக்குகின்றன. கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதால், தேய்த்தவர் வலக்கைக்காரரா என்றுகூடச் சொல்லிவிடலாம் எனச் சேகரிப்பாளர்கள் வேடிக்கையாகப் பேசுவதுண்டு. பற்பசையும் இவ்வகையே. உலோகத்துக்கென்று கடையில் விற்கும் மெருகுத் திரவங்களிலும் தேய்க்கும் துகள்கள் உள்ளன.

இந்த இழப்பு விலையோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சங்ககாலப் பாண்டியர் வெளியிட்ட சிறிய சதுரச் செப்புக் காசு ஒன்றில் 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழி எழுத்துகளில் இருப்பதை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் ஆய்ந்து வெளிப்படுத்தினார். சங்க இலக்கியத்தில் மட்டுமே படித்து வந்த பெயர் உலோகத்தில் கிடைத்தது. அந்த எழுத்துகள் எறும்பை விடப் பெரியவை அல்ல. அந்தக் காசு ஆய்வாளரின் கைக்கு வருவதற்கு முன் யாரேனும் மணலையும் புளியையும் போட்டு நன்றாகத் தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பளிச்சென்ற ஒரு செப்புத் துண்டு மிஞ்சியிருக்கும். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த பழங்காசுகளுக்கும் இதே ஆபத்து இருந்தது.

அடுத்து, துளையிட்ட காசுகள். காசுமாலை தமிழர்களுக்குப் பழக்கமான அணி. தோட்டப்புறத்திலும் பவுன் காசையோ வெள்ளிக் காசையோ துளையிட்டோ வளையம் பற்றவைத்தோ சங்கிலியில் கோத்து அணிந்தவர்கள் உண்டு. வங்கி வெகுதூரத்தில் இருந்த காலத்தில் கழுத்தே சேமிப்பு. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், நாணயவியல் கணக்கில் அந்தக் காசு சேதமடைந்ததுதான். துளை எழுத்தை வெட்டிவிடுகிறது. வளையம் பற்றவைத்தபோது பட்ட சூடு விளிம்பின் பற்களை உருக்கிவிடுகிறது. பின்னால் வளையத்தை அறுத்தெடுத்து, துளையை அடைத்து விற்றாலும் அடைத்த இடம் நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாத் துளையும் சேதம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓட்டைக் காலணாவை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் இந்திய அரசு 1943 முதல் 1947 வரை நடுவில் துளையுள்ள காசை அச்சிட்டது. அது அச்சகத்திலேயே இட்ட துளை. அதைச் சுற்றி எழும்பிய விளிம்பு சீராக இருக்கும். எழுத்துகள் துளைக்கு இடம்விட்டு வட்டமாக அமைந்திருக்கும். ஆணியால் அடித்த துளையோ உருவத்தின் மேலேயே விழுந்திருக்கும். மறுபக்கத்தில் உலோகம் பிதுங்கியிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் நல்ல ஓட்டைக் காலணாவைக் கெட்ட காசென்று குழந்தையின் கையில் விளையாடக் கொடுத்தவர்கள் பலர்.

வெட்டுக்காயமும் சில வேளைகளில் வரலாறாகிவிடும். 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் ஏறத்தாழ 500 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டிய கோடு இருந்தது. அந்தக் காசுகள் இனி நாணயமாகச் செல்லாமல், வெறும் தங்கமாக மட்டும் மதிக்கப்பட வேண்டும் என்று வெட்டினார்களா? அறிஞர்களிடையே பல கருத்துகள் உள்ளன. நம் பக்கத்திலும் இது போன்ற ஒன்று உண்டு. இவ்வட்டாரத் துறைமுகங்களில் புழங்கிய வெள்ளி டாலர்களைச் சீன வணிகர்கள் சோதித்துப் பார்த்துத் தங்கள் முத்திரையை அதன் மேல் குத்தினார்கள். முத்திரை குத்திக் குத்திச் சில டாலர்கள் உருவமே தெரியாமல் போயின. அந்த முத்திரைகளுக்காகவே அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். ஆனால், நேற்று யாரோ ஆணியால் கீறிய கோட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இனி யாரும் தொடாமலேயே காசு கெடுவதைப் பார்ப்போம். இதில் ரப்பருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சுங்காயைப் போன்ற தோட்டப்புறங்களில் வெட்டிய கித்தாப்பால் ஆலைகளுக்குப் போய்ப் பல பொருள்களாகிறது. மரத்திலிருந்து வரும் பால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகவும் இழுத்தால் திரும்பும் தன்மையோடும் இருக்கும் என்பதை 1839-இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தார். நாம் பயன்படுத்தும் ரப்பர் வளையத்தில் அந்தக் கந்தகம் இருக்கிறது. வெள்ளிக்குப் பரம்பரைப் பகை கந்தகம்தான். காசுகளை அடுக்கி ரப்பர் வளையம் போட்டு வைத்தால் சில மாதங்களில் வளையம் பட்ட இடம் முழுவதும் கறுப்புக் கோடாகிவிடும். வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து உருவான வெள்ளி சல்பைடு அது. வளையத்துக்கு வயதாகி உருகி ஒட்டிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். கம்பளித் துணியிலும் சில வகைத் தாள்களிலும் அட்டைகளிலும் கந்தகம் உண்டு என்பதால் அவற்றில் சுற்றி வைப்பதும் நல்லதன்று.

தோட்டத்தில் புழங்கிய வேறு இரு பொருள்களும் செம்புக்கு ஆகாதவை. வெட்டிய பால் ஆலைக்குப் போய்ச் சேரும் முன் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். ஆலையில் பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அமோனியா செம்பைக் கரைத்து நீல நிறமாக்கும். பார்மிக் அமிலம் அதை அரித்துப் பச்சையாக்கும். இவற்றின் புகை பட்ட செப்புக் காசுகள் நிறம் மாறிக் கிடப்பதில் வியப்பில்லை.

எல்லாக் கறுப்பும் கேடு என்று சொல்லவும் முடியாது. வெள்ளி நாணயத்தில் மெதுவாகவும் சீராகவும் படியும் கருமைக்கும், சில வேளைகளில் அதில் தோன்றும் நீலம், பொன் நிறங்களுக்கும் சேகரிப்பாளர்களிடையே நல்ல மதிப்பு உண்டு. வளையம்போல் கோடாகவோ புள்ளியாகவோ விழும் கருமைதான் சேதம். இங்கே ஒரு செய்தி உங்களுக்குப் பயன்படும். மலாயாவின் 5, 10, 20 காசு நாணயங்களில் 1941 வரை நான்கில் மூன்று பங்கு வெள்ளி இருந்தது. போர்க்காலத்தில் அச்சான 1943, 1945 ஆண்டுக் காசுகளில் அது பாதியாகக் குறைந்தது. 1948 முதல் வெள்ளியே இல்லை; செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் வந்துவிட்டது. ஆகவே, ஒரே டின்னில் கிடந்தாலும் 1941-ஆம் ஆண்டுக் காசு கறுக்கும். 1945-ஆம் ஆண்டுக் காசில் கறுப்போடு பச்சையும் தலைகாட்டலாம். 1950-ஆம் ஆண்டுக் காசு சாம்பல் நிறமாக மங்கிக் கிடக்கும். முகப்பில் இருப்பது அதே மன்னரின் தலைதான்.

பச்சை நிறத்துக்கு வருவோம். பச்சையில் இரு வகை உண்டு; இரண்டையும் பிரித்தறிய வேண்டும். முதலாவது, ஒட்டும் தன்மையுள்ள, எண்ணெய் போன்ற பச்சை. இது காசின் குற்றம் அன்று, உறையின் குற்றம். நாணயங்களைப் போட்டு வைக்கும் மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் பல பி.வி.சி. என்னும் பொருளால் ஆனவை. அதை வளைந்துகொடுக்கச் செய்வதற்காக எண்ணெய் போன்ற வேதிப்பொருள்களைச் சேர்ப்பார்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் பி.வி.சி. மெல்லச் சிதைகிறது; அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் கசிகிறது. அந்த அமிலம் காசிலுள்ள செம்பைத் தாக்கிப் பச்சைப் பிசுக்கை உண்டாக்குகிறது. புதிய மழையங்கியை முகர்ந்தால் ஒரு வாடை வருமே, அதே வாடை உறையில் வந்தால் காசை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். பணம் கொடுத்து, அக்கறையோடு ஆல்பம் வாங்கிக் காசுகளை அடுக்கியவர்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார். டின்னில் கவனிப்பாரற்றுக் கிடந்த காசு தப்பிவிடுகிறது.

இரண்டாவது, தூளாக உதிரும் வெளிர் பச்சை. இதை 'வெண்கல நோய்' என்கிறார்கள். நோய் என்ற பெயர் பொருத்தமானதே. மண்ணிலோ கடல் நீரிலோ கிடந்த செப்புக் காசுக்குள் குளோரைடு புகுந்துவிட்டால் அது ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் செம்பைத் தின்கிறது. மீண்டும் குளோரைடு உருவாகிறது. வெளியிலிருந்து புதிதாகக் குளோரைடு சேராமலேயே இந்தச் சுழற்சி தொடர்ந்து நடந்து காசில் குழிகளை உண்டாக்குகிறது. அருங்காட்சியகங்கள் இத்தகைய பொருள்களை 40 விழுக்காட்டுக்கும் குறைந்த ஈரப்பதத்தில் வைக்க முயல்கின்றன. நம் நாட்டுக் காற்றிலோ ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மேலும், செம்பனைக்கு இடும் முக்கிய உரங்களில் ஒன்று பொட்டாசியம் குளோரைடு. பழைய லயங்கள் இருந்து, இன்று செம்பனை நிற்கும் நிலத்தில் தோண்டியெடுத்த செப்புக் காசு இந்த நோயோடு வந்தால் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அத்தகைய காசை மற்றக் காசுகளோடு சேர்த்து வைக்காமல் தனியே, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

நம் காலத்துக் காசுக்கும் அதற்கே உரிய நோய் உண்டு. வீட்டிலுள்ள பழைய ஒரு சென் காசுகளின் மேல் ஒரு காந்தத்தைக் கொண்டு செல்லுங்கள். சில ஒட்டும், சில ஒட்டா. 1967-இல் வந்தவை வெண்கலம். 1973 முதல் எஃகின் மேல் செம்பு போர்த்திய காசுகள் வரத் தொடங்கின. அந்தப் போர்வையில் எங்காவது கீறல் விழுந்தால் ஈரம் எஃகை அடைந்துவிடும். உள்ளே துரு பெருகி, மேலுள்ள செம்பைக் கொப்புளம்போல் தூக்கிவிடும். 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து கடைகளில் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிசெய்யும் முறை வந்தது. அதன்பின் ஒரு சென் காசுகள் உண்டியல்களிலும் அலமாரிகளிலும் முடங்கிவிட்டன. குளியலறைப் பக்கத்துச் சன்னலில் வைத்த குவளையில் அவை துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

விரல்ரேகையும் காசைக் கெடுக்கும். வியர்வையில் உப்பும் அமிலமும் உள்ளன. புதுக் காசின் முகத்தில் பெருவிரலை வைத்தால் அன்று ஒன்றும் தெரியாது. சில மாதங்களுக்குப் பின் அந்த ரேகை பழுப்பாக எழுந்து வரும். செம்பில் அது பெரும்பாலும் போகாது. இரயில் தண்டவாளத்தில் காசை வைத்துத் தட்டையாக்கும் விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது உயிருக்கு ஆபத்து; நாணயத்தைச் சிதைப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

சரி, டப்பாவைத் திறந்துவிட்டோம், என்ன செய்யலாம்? முதலில், ஒன்றும் தேய்க்காமல் இருக்கலாம். மேசையில் மென்மையான துணியை விரித்து, அதன்மேல் காசுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். கொட்டினால் ஒன்றோடொன்று மோதி வடுப்படும். நாற்கோணக் காசின் மூலைகள் இதில் எளிதாக நசுங்கும். காசை அதன் விளிம்பில், கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடிக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து எடுத்து, துணியால் தேய்க்காமல் ஒற்றி, நன்கு உலரவிடலாம். குழாய்நீரில் குளோரின் இருப்பதால் அது அவ்வளவு நல்லதன்று. பி.வி.சி. பிசுக்கைத் தூய அசிட்டோன் கரைக்கும். ஆனால், அது எளிதில் தீப்பற்றக்கூடியது. பெரியவர் ஒருவர், காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் பூசை விளக்கும் அருகில் இல்லாதபோது செய்ய வேண்டிய வேலை அது. நகப்பூச்சு நீக்கியில் மணமும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது உதவாது. அமிலம் ஏற்கெனவே தின்ற குழியை எந்தத் திரவமும் நிரப்பாது.

பிறகு, பி.வி.சி. கலவாத உறை. 'மைலார்' எனப்படும் விறைப்பான பிளாஸ்டிக்கால் ஆன உறைகளும் வட்டமான கடினப் பெட்டிகளும் நாணயக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை ஒரு மூடியுள்ள பெட்டியில் போட்டு, புதிய காலணிப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உடன் வைத்தால் நம் தட்பவெப்பநிலைக்கு அது போதுமானது. பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். உறையின் மேல் ஒட்டும் சிறு தாளில், அந்தக் காசு யாருடையது, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வைக்கலாம். ஒட்டுநாடாவைக் காசின் மேலேயே ஒட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருந்தும் பலர் ஒட்டுகிறார்கள். நல்ல நிலையிலுள்ள பழைய நாணயங்கள் எப்படித் தோன்றும் என்று பார்த்துப் பழக விரும்புவோர் கோலாலம்பூரில் சாசானா கீஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.

இன்னொரு வகைக் காசு மீதி இருக்கிறது. பல வீடுகளின் பூசையறையில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நேர்த்திக்கடன் காசு அது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதோ தேர்வு நேரத்திலோ பாட்டி முடிந்து வைத்திருப்பார். ஈர மஞ்சளில் நனைத்த துணி, அதன் மேல் குங்குமம், விளக்குப் புகை என நாணயத்துக்கு ஆகாத எல்லாமே அங்கே ஒன்றாக இருக்கின்றன. சேகரிப்பாளர் கண்ணுக்கு அது உடனே அவிழ்க்க வேண்டிய முடிச்சு. ஆனால், அந்தக் காசுக்குச் சொந்தக்காரர் வேறு. அது கோயில் உண்டியலுக்குப் போக வேண்டியது. முடிந்தவரைக் கேட்காமல் அதைத் தொடுவதற்கில்லை.